சிதறடிக்கப்பட்ட விதைகள்

ஆண்டுதோறும் டிசம்பர் 24-ஆம் நாள் மாலை, ஸ்ரீராமகிருஷ்ண மடங்களில் ஏசுநாதரின் திருவுருவப் படம் மலர்களால் அலங்கரிக்கப்படுகிறது. ஆரதி நடைபெறுகிறது, அவரது வாழ்விலிருந்து சில பகுதிகள் வாசிக்கப்படுகின்றன. 1886-ஆம் ஆண்டு அதே நாளிரவு, வங்காளத்தின் ஆண்ட்பூர் கிராமத்தில் துனி நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்த இளம் சீடர்களுக்கு நரேந்திரர் ஏசுவின் வாழ்வை எடுத்துரைத்தார். துறவு வாழ்வை மேற்கொள்வதென அவர்கள் உறுதி பூண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பின்னரே அவர்களுக்குத் தெரிய வந்தது. பக்தர்கள் நன்கறிந்த வரலாறு இது.

அந்தத் திருநாளின் மகிழ்ச்சி அடங்குவதற்குள், டிசம்பர் 26-ஆம் நாள், மேலைத் திருச்சபைகள் ஒரு மரணத்தை நினைவுகூர்கின்றன. ஏசுவின் பெயரால் உயிர் துறந்த முதல் சீடரான ஸ்தேவானின் நாள் அது. தமிழகக் கத்தோலிக்க மக்கள் அவரை 'முடியப்பர்' என்று அழைத்து வந்துள்ளனர். 'ஸ்தெபானோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மணிமுடி என்பது பொருள். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பெயரையும் விட்டுவைக்காமல் அழகாகத் தமிழாக்கினார்கள். குழந்தை பிறந்த வீட்டு வாசலிலேயே ஒரு சாவுச் செய்தியை வைப்பது போன்ற இந்த நாள்வரிசை முதலில் நம்மைத் திகைக்க வைக்கிறது.

ஆதித் திருச்சபையின் வரலாற்றில் இறைவனின் கை எங்கே தென்படுகிறது என்று கேட்டால், பலரும் அற்புதங்களையே சுட்டிக்காட்டுவர். பெந்தெகொஸ்தே நாளில் இறங்கிய அக்கினி நாவுகள், பேதுருவுக்குத் தாமாகத் திறந்த சிறைக் கதவுகள் ஆகியன நினைவுக்கு வரும். ஆனால் அந்த வரலாற்றைச் சொல்லும் 'அப்போஸ்தலருடைய நடபடிகள்' என்ற நூலைப் பொறுமையாகப் படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். கத்தோலிக்கர் 'திருத்தூதர் பணிகள்' என்று அழைக்கும் இந்நூலை இயற்றியவர் லூக்கா என்பது மரபு. அதில் இறைவனின் வழிநடத்துதல் மிக ஆழமாக வெளிப்படும் பகுதி, அற்புதத்தில் தொடங்கவில்லை. சோறு பரிமாறுவதில் ஏற்பட்ட ஒரு மனத்தாங்கலில் தொடங்குகிறது.

பந்தியில் எழுந்த முறையீடு

எருசலேமில் ஏசுவின் அடியார்கள் ஒரே குடும்பமாக வாழ்ந்த காலம் அது. நிலமும் வீடும் உடையவர்கள் அவற்றை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலர்களின் பாதத்தில் வைத்தனர். அவரவர் தேவைக்கேற்ப அது பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆதரவற்ற விதவைகளுக்கு அன்றாடம் உணவு வழங்கப்பட்டது.

அடியார்கள் அனைவரும் யூதர்களே என்றாலும் மொழியால் இரு பிரிவினர். ஒரு சாரார் அரமேய மொழி பேசிய உள்ளூர்க்காரர்கள். மற்றவர்கள் கிரேக்கம் பேசியவர்கள்; தொலைநாடுகளில் வாழ்ந்து எருசலேமில் வந்து குடியேறிய குடும்பத்தினர். 'எங்கள் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படுவதில்லை' என்று கிரேக்க மொழியினர் முறையிட்டனர். ஏசு மண்ணில் நடமாடிய காலம் கண்ணெதிரே இருந்தபோதே, அவரது அடியார்களிடையே மொழியின் பெயரால் உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற வேற்றுமை தலைதூக்கிவிட்டது. லூக்கா இதை மறைக்காமல் எழுதினார் என்பதற்காகவே அவரை நம்பலாம்.

அப்போஸ்தலர்கள் முறையீட்டை ஏற்றனர். நற்பெயரும் ஞானமும் உள்ள 7 பேரைத் தேர்ந்தெடுக்குமாறு சபையிடமே விட்டனர். தேர்ந்தெடுக்கப்பட்ட 7 பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! குறைபட்டவர்களின் கையிலேயே பொறுப்பை ஒப்படைத்த பெருந்தன்மை அது. அவர்களுள் முதலாமவர் ஸ்தேவான், இரண்டாமவர் பிலிப்பு. பந்தி விசாரிப்பது அவர்களின் வேலை.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். விதவைகளுக்கு உணவு வழங்குவதைக் குறிக்க லூக்கா 'தியாகோனியா' என்ற கிரேக்கச் சொல்லைக் கையாள்கிறார். தொண்டு என்பது அதன் பொருள். அடுத்த சில வரிகளிலேயே, அப்போஸ்தலர்கள் இறைவார்த்தையைப் போதிப்பதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார். உபதேசமும் உணவு பரிமாறுதலும் ஒரே பெயருக்கு உரியவை. கர்மயோகத்தைப் பயில்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

புனிதத் தலத்தின் எல்லை

பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்டவர் பந்தியோடு நின்றுவிடவில்லை. கிரேக்கம் பேசும் யூதர்களின் தொழுகைக்கூடங்களில் ஸ்தேவான் வாதிட்டார். அவ்வாறு அவருடன் வாதிட்டவர்களில் சிலிசியா நாட்டினரும் இருந்தனர் என்று நூல் குறிப்பிடுகிறது. சிலிசியாவின் தலைநகரான தர்சுவில் பிறந்து, எருசலேமில் கமாலியேல் என்ற பேராசானிடம் பயின்ற சவுல் என்ற இளைஞனும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம்.

ஸ்தேவானின் மீது குற்றம் சாட்டப்பட்டது: ஆலயத்தையும் திருச்சட்டத்தையும் இவர் இழிவுபடுத்துகிறார். ஆலோசனைச் சங்கத்தின் முன் அவர் அளித்த மறுமொழி நடபடிகள் நூலிலேயே மிக நீண்ட உரை. மேலோட்டமாகப் பார்த்தால் பழைய கதைகளின் தொகுப்பு போலத் தோன்றும்; குற்றச்சாட்டுக்கு நேரடியான பதிலே இல்லையே என்றுகூட வாசகர் எண்ணுவார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட இடங்களைப் பாருங்கள். இறைவன் ஆபிரகாமுக்குக் காட்சி தந்தது மெசொப்பொத்தாமியாவில். யோசேப்புடன் துணை நின்றது எகிப்தில். மோசேக்கு எரியும் புதரில் தோன்றியது சீனாய்ப் பாலைநிலத்தில். யாவும் புனித நாட்டுக்கு வெளியே! மனிதக் கைகள் கட்டிய வீட்டுக்குள் இறைவன் அடங்குபவன் அல்லன் என்பதே அந்த உரையின் உயிர்நாடி.

கேட்டவர்கள் பற்களைக் கடித்தனர். அவரை நகருக்கு வெளியே இழுத்துச் சென்று கல்லெறிந்தனர். கல்லெறிந்தவர்கள் தங்கள் மேலாடைகளைக் கழற்றி ஓர் இளைஞனின் காலடியில் வைத்தனர். சவுல் அவன். ஸ்தேவான் முழந்தாளிட்டு, கொல்பவர்கள் மீது இந்தப் பாவத்தைச் சுமத்த வேண்டாம் என்று ஆண்டவரிடம் வேண்டியவாறே உயிர் துறந்தார்.

அன்றே பெருந்துன்பம் மூண்டது. சவுல் வீடு வீடாக நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சென்று சிறையிலிட்டான். இந்த இயக்கம் மனிதரிடமிருந்து தோன்றியதானால் தானே அழியும், இறைவனிடமிருந்து தோன்றியதானால் அதை அழிக்க முயல்வது இறைவனுடனேயே போரிடுவதாகும் என்று அவனுடைய ஆசான் கமாலியேல் சிறிது காலத்துக்கு முன் அதே சங்கத்தை எச்சரித்திருந்தார். சீடன் ஆசானைவிடத் தீவிரமானவனாக இருந்தான். இளமையில் அது நேர்வதுண்டு.

அப்போஸ்தலர்கள் தவிர மற்ற அடியார்கள் யூதேயாவிலும் சமாரியாவிலும் சிதறினர். 'சிதறினர்' என்பதற்கு லூக்கா வழங்கும் கிரேக்கச் சொல் வயலோடு தொடர்புடையது. விதைத்தல் என்ற வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. துரத்தியவர்கள் கூட்டத்தைக் கலைத்ததாக எண்ணினர். வரலாற்றாசிரியர் அதை எழுதும்போது விதைப்பின் சொல்லை வைத்தார்.

பிலிப்பு சமாரியாவுக்கு ஓடினார். யூதர்கள் சமாரியரோடு புழங்காத காலம் அது. அமைதியான நாளில் அவர் அங்கே சென்றிருப்பாரா என்பது ஐயமே. அகதிக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது? சமாரியர் அவரது சொல்லை ஏற்றனர். அங்கு பணி செழித்து வளர்ந்த வேளையில், காசாவுக்குச் செல்லும் வெறிச்சோடிய சாலைக்குப் போகுமாறு அவருக்குக் கட்டளை வந்தது. பெருங்கூட்டத்தை விட்டு அவர் ஒரேயொரு மனிதரைச் சந்திக்கச் சென்றார். எத்தியோப்பியர் என்று நூல் சொல்லும் அந்த மனிதர், கந்தாகே அரசியின் பொருளாளர். தற்போதைய சூடானில், நைல் நதிக்கரையில் இருந்த நாடு அது. எருசலேமில் வழிபட்டுத் திரும்பும் வழியில் அவர் தேரில் அமர்ந்து ஏசாயாவின் சுவடியைப் படித்துக்கொண்டிருந்தார்; பொருள் விளங்கவில்லை. விளக்குவதற்கு ஒருவர் பாலைவனச் சாலையில் காத்திருந்தார்.

வேறு சிலர் இன்னும் தொலைவு சென்றனர். பெனிக்கே, சைப்ரஸ் தீவு, அந்தியோகியா வரை. அந்தியோகியா அன்று ரோமாபுரிக்கும் அலெக்ஸாந்திரியாவுக்கும் அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட மாநகரம். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் பெரும்பகுதி இடிந்து விழுந்த துருக்கியின் அந்தாக்கியாதான் அது. அங்கு சென்ற அகதிகளில் சைப்ரஸ், சிரேனே நாடுகளைச் சேர்ந்த சிலர் யூதரல்லாத கிரேக்கரிடமும் பேசத் தொடங்கினர். அவர்களது பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. 'கிறிஸ்தவர்' என்ற பெயர் முதன்முதலாக வழங்கப்பட்டது அந்த ஊரில்தான். ஒரு சிறிய யூத வட்டத்துக்குள் இருந்த நெறி உலகின் நெறியாக மாறிய திருப்பத்தை நிகழ்த்தியவர்கள் அப்போஸ்தலர்கள் அல்லர். வீடிழந்த, பெயர் அறியப்படாத சிலர்.

புனித நாட்டின் எல்லைக்குள் இறைவன் அடங்கமாட்டான் என்று ஸ்தேவான் வாயால் சொன்னார். அவர் மரணத்தால் சிதறியவர்கள் அதைக் காலால் நடந்து மெய்ப்பித்தனர்.

யார் சொல்லலாம்?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது, எழ வேண்டும். அப்படியானால் ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டதை இறைவன் விரும்பினானா? இழுத்துச் செல்லப்பட்ட பெண்களின் அழுகை அவனது திட்டத்தில் ஓர் அங்கமா? பின்னாளில் வெற்றி பெற்றவர்கள், பழைய இரத்தத்துக்கு 'தெய்வ சங்கல்பம்' என்று பூச்சு பூசிக்கொள்கிறார்களா?

நம் வேதாந்த மரபு இக்கேள்வியைத் தவிர்த்ததில்லை. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இதே ஆட்சேபம் எழுப்பப்படுகிறது: உலகில் இவ்வளவு ஏற்றத்தாழ்வும் துயரமும் இருக்கையில், இறைவனிடம் பாரபட்சமும் இரக்கமின்மையும் உண்டென்று ஆகாதா? ஸ்ரீசங்கரர் தம் பாஷ்யத்தில் மழையை உவமை காட்டுகிறார். நெல்லுக்கும் வாற்கோதுமைக்கும் மழை பொதுக் காரணம். நெல் நெல்லாகவும் வாற்கோதுமை வாற்கோதுமையாகவும் விளைவதற்குக் காரணம் விதைகளில் உள்ள தனித்தனி ஆற்றலே. இறைவனும் அவ்வாறே அனைத்துக்கும் பொதுவானவன். வேற்றுமைகள் அந்தந்த ஜீவனின் வினையைச் சார்ந்தவை.

இந்த உவமையை வைத்துப் பார்த்தால், கல்லை எடுத்த கை மனிதனுடையது. அந்த வினையும் அவனுடையது. அதை இறைவன்மீது ஏற்றுவது தவறு. ஆனால் மனிதன் செய்த தீமையோடு கதை முடிந்துபோக இறைவன் விடுவதில்லை. சிதறிக் கிடந்த விதைகள்மீது மழை பெய்தது. கிறிஸ்தவத் தமிழில் இதற்கு 'தேவ பராமரிப்பு' என்ற சொல் உண்டு. திட்டமிடுதலைவிடப் பேணுதலையே முதன்மையாகச் சுட்டும் நல்ல சொல் அது. தாய் நோயை வரவழைப்பதில்லை. வந்த நோயில் பிள்ளையை விட்டு அகலுவதுமில்லை.

இருந்தும் தத்துவம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 'அவரவர் வினை' என்ற சொல்லை அழுதுகொண்டிருப்பவரின் முகத்துக்கு நேராகச் சொல்வது எவ்வளவு கொடுமை என்பதைத் துன்பம் கண்ட வீடுகள் அறியும். 'எல்லாம் அவன் செயல்' என்ற மகாவாக்கியம் போன்ற தொடரும் சொல்லும் வாயைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. துன்பப்பட்டவர் சொன்னால் அது சரணாகதி. துன்பம் இழைத்தவர் சொன்னால் அது தப்பித்தல். கீதையில் 'நிமித்த மாத்திரம்' என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு, தான் செய்யும் கொடுமைக்கு இறைவனைப் பொறுப்பாக்குபவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு.

ஸ்தேவான் தம் உரையில் யோசேப்பின் கதையைச் சொன்னார் அல்லவா? பொறாமை கொண்ட சகோதரர்கள் அவரை அடிமையாக விற்றனர்; பஞ்ச காலத்தில் அதே சகோதரர்கள் தானியம் கேட்டு எகிப்தில் அவர்முன் நின்றனர். அவர்கள் செய்த தீமையை இறைவன் பலரின் உயிரைக் காக்கும் நன்மையாக மாற்றினான் என்ற உண்மை அங்கே உரைக்கப்படுகிறது. உரைத்தவர் யார்? விற்கப்பட்ட யோசேப்பு. விற்ற சகோதரர்கள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது கேட்கச் சகிக்காததாக இருந்திருக்கும்.

தமாஸ்குவுக்குப் பிறகு

சவுல் தலைமைக் குருவிடம் கடிதங்கள் பெற்று, சிதறி ஓடியவர்களைப் பிடிக்கத் தமாஸ்கு வரை புறப்பட்டான். வழியில் பேரொளி சூழ்ந்து தரையில் விழுந்ததும், ஏசுவின் குரலைக் கேட்டதும், 3 நாட்கள் பார்வையின்றி உண்ணாமல் கிடந்ததும் உலகறிந்தவை. அதைவிடக் குறைவாகப் பேசப்படுபவர் அனனியா. தமாஸ்குவில் வாழ்ந்த எளிய அடியார் அவர். சவுலிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது, அந்த மனிதன் எருசலேமில் செய்தவற்றை எடுத்துக்கூறி அவர் தயங்கினார். தயங்கியபடியே சென்றார். 'நேர்த்தெரு' எனப்பட்ட தெருவில் அந்த வீட்டைக் கண்டுபிடித்து, தம்மைச் சிறையிலிட வந்தவரின்மீது கைகளை வைத்து, 'சகோதரனே' என்று அழைத்தார். ஒளி இறைவனிடமிருந்து வந்தது. பார்வை ஒரு மனிதரின் கைவழியே திரும்பியது.

ஸ்தேவானின் கடைசி வேண்டுதலே பவுலைத் திருச்சபைக்குத் தந்தது என்று பின்னாளில் அகஸ்டின் போதித்தார். அது பக்தரின் பார்வை. பவுலின் பார்வை எப்படி இருந்தது என்பதே நமக்கு முக்கியம். (பவுலுஸ் என்பதற்குச் 'சிறியவர்' என்று பொருள், நம் பெரியோர் அவரைச் 'சின்னப்பர்' ஆக்கினர்.) அவர் ஆழ்ந்த சிந்தனையாளர்; இறைவனின் முன்னறிவு பற்றியும் அழைப்பு பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியவர். விரும்பியிருந்தால், 'நான் துன்புறுத்தியதால்தான் நெறி பரவியது. அதுவும் அவன் சித்தம்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அவருடைய எந்தக் கடிதத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது, இறைவனின் சபையைத் துன்புறுத்தியதால் தாம் அப்போஸ்தலர் என்று அழைக்கப்படவே தகுதியற்றவர் என்கிறார். பல ஆண்டுகளுக்குப் பின் எருசலேம் மக்கள்முன் நின்றபோதும், ஸ்தேவானின் இரத்தம் சிந்தப்பட்ட நாளில் அருகில் நின்று கொலைகாரர்களின் ஆடைகளைக் காத்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறார். தாம் பட்ட சிறைவாசத்தை அவர் அருளாகக் கண்டார். பிறரைச் சிறையிலிட்டதைப் பாவமாகவே கண்டார். இறுதிவரை இந்த இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

அந்தியோகியாவில் சபை பெருகியதும், அதைக் காண எருசலேமிலிருந்து வந்த பர்னபா, உதவிக்கு ஆள் தேடித் தர்சுவுக்குச் சென்று பவுலை அழைத்து வந்தார். எந்த அடியார்களை அவர் எருசலேமிலிருந்து துரத்தினாரோ, அவர்கள் விதைத்த சபையில் அவர் ஓராண்டு போதகராக அமர்ந்தார். அவர்கள் அவரை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதை லூக்கா விவரிக்கவில்லை. ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு பஞ்சம் வந்தது. கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட கிளவுதியு மன்னனின் காலம். அகபு என்ற தீர்க்கதரிசி அதை முன்னறிவித்திருந்தார். எருசலேம் மக்கள் பட்ட பாட்டை யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸும் பதிவு செய்துள்ளார். அதியாபெனே நாட்டு அரசி எலேனா எகிப்திலிருந்து தானியமும் சைப்ரஸிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வாங்கி மக்களுக்கு வழங்கினாள் என்பது அவர் தரும் செய்தி. அந்தியோகியாவின் அடியார்கள், அவரவர் வசதிக்கேற்பப் பொருள் சேர்த்து எருசலேம் சகோதரர்களுக்கு அனுப்பினர். அவர்கள் பெரும்பாலும் கிரேக்கம் பேசியவர்கள். எவருடைய விதவைகள் ஒருகாலத்தில் பந்தியில் புறக்கணிக்கப்பட்டார்களோ, அந்தப் பிரிவினரின் வழியில் வந்த சபை இப்போது எருசலேமின் பசிக்கு உணவு அனுப்பியது. கொண்டு சென்றவர்கள் இருவர்: பர்னபாவும் பவுலும்.

வீடு வீடாக நுழைந்து மனிதரை இழுத்துச் சென்ற அதே தெருக்களில், அவர் உணவுக்கான பொருளைச் சுமந்துகொண்டு நடந்தார்.

இன்னும் ஒரு காட்சி இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 57. முதுமையை நெருங்கிய பவுல், மறுபடியும் எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையோடு கடல் பயணம் முடித்துச் செசரியா துறைமுகத்தில் இறங்கினார். தம் தோழர்களுடன் அங்கே ஒரு வீட்டில் தங்கினார். இந்தப் பகுதியை எழுதும்போது லூக்கா 'நாங்கள்' என்று எழுதுகிறார்; அவரும் உடனிருந்தார். அது, பந்தி விசாரணைக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவருள் ஒருவரான பிலிப்புவின் வீடு. ஸ்தேவானின் தோழர், சவுலுக்கு அஞ்சி எருசலேமை விட்டு ஓடியவர். இறையருள் பெற்று உரைக்கும் 4 புதல்வியர் அவருக்கு இருந்தனர் என்றும், அவ்வீட்டில் பல நாட்கள் தங்கினார்கள் என்றும் நூல் சொல்கிறது. அந்த நாட்களில் இருவரும் ஸ்தேவானைப் பற்றிப் பேசினார்களா என்பது எழுதப்படவில்லை. விருந்தினருக்கு உணவு பரிமாறியவர் யார் என்பதும் எழுதப்படவில்லை; பிலிப்புவுக்கு அந்த வேலை பழக்கமானதுதான்.